கோடிப் புடவை வாங்க வருபவர்கள்

— கல்யாணப் பொண்ணுங்கன்னு எழுதிடறேன். அதான் கரெக்ட்டு.

— எழுதாதண்ணா. புடவைக் கடை லோன் பாரத்துல 'உங்கள் வாடிக்கையாளர் யார்'னு பேங்க்குக்காரன் என்னைக் கேட்டுக்கீறான், உன்னை இல்ல.

— தா பாரு லீலா, இது ஆரணி. சேத்துப்பட்டுல இருந்து வேன் கட்டிகினு வர்றாங்களே, எதுக்கு? முகூர்த்தப் பட்டுக்குத்தானே?

— அவங்கள்லாம் பெரிய கடைக்குப் போவாங்க. ஏ.சி.ல குந்த வெச்சு கலர் சோடா குடுக்கறான். உன் முன் ரூம்புல நாப்பது புடவை அடுக்கலாம். அவ்ளோதான்.

— அப்ப யாருக்குத்தான் விக்கப் போற?

— தங்கச்சி புருசன் கருமாதிக்குக் கோடிப் புடவை எடுக்க வர்ற அண்ணன் தம்பிங்களுக்கு.

— ஏய், வாயக் கழுவு! வெள்ளிக்கெழமையும் அதுவுமா.

— நாலு வருஷம் முன்ன எனக்கு நீ எடுத்துகினு வந்தியே, அந்தப் பையில இன்னா இருந்துச்சு தெரியுமா?

— அத ஏம்மா இப்ப கெளர்ற?

— வெத்தல பாக்கு, மஞ்சக்கெழங்கு, குங்குமப் பொட்டலம். பதினாறாம் நாளு, அத்தினி பொம்பளைங்க எதிர்ல பிரிச்சேன்.

— சேல்ஸ்மேன் சிரிச்சிகினே 'இன்னா விசேஷம் சார்'னு கேட்டான். சுத்தியும் கல்யாண கோஷ்டி. சாவுக்குன்னு சொல்ல வாய் வரல. தங்கச்சிக்குக் கல்யாணம்னுட்டேன். அவன் தாம்பூலம் வெச்சுக் கட்டிட்டான். நான் பிரிச்சுப் பாக்கவே இல்லம்மா.

— உன்னைத் திட்டல. உன்னை மாதிரி ஆளுங்க பொய் சொல்லாம வாங்கிகினு போக ஒரு கடை வேணும், அதான். நான் விசேஷம் கேக்க மாட்டேன். அந்தப் பொம்பளைக்கு எத்தினி வயசு, இன்னா கலர் புடிக்கும், இத மட்டுந்தான் கேப்பேன். நீ எனக்கு எடுத்தது அரக்கு. கூட வாழ்ந்த இருவத்தோரு வருஷத்துல அவரு ஒரு நாளும் எனக்கு அரக்கு எடுத்ததில்ல.

— சரி, யோசனை நல்லாத்தான் கீது. இந்த வீட்டுல மட்டும் வேணாம். பஜார்ல பாரு.

— சொந்த அண்ணன் நீயே எடம் தர மாட்டேன்ற. பஜார்ல எவன் தருவான்?

— ஒரு வருஷம் போவட்டும், அப்பறம் இங்கயே வெச்சிக்க. பேஜார் பண்ணாத.

— ஒரு வருஷத்துல இன்னா மாறிடப் போவுது?

— மெதுவா பேசு. உங்கண்ணி காபி எடுத்துகினு வர்றா. அவ காதுல இது விழவே கூடாது.

— ஏன், என் காதுல விழுந்தா இன்னா? புடிங்க, ஆறிடும். லீலா, ரூம்பு உனக்குத்தான். நாளைக்கே கழுவி விடறேன்.

— ரேணுகா, உனக்கு ஒண்ணும் தெரியாது. தெனம் வாசப்படி தாண்டறப்பல்லாம் நீ அந்தப் புடவைங்கள பாத்துகினு...

— எல்லாம் தெரியும். வேலூர்ல நீங்க மாத்திரை வாங்க வரிசையில நின்னுகினு இருந்தீங்க. டாக்டர் என்னையும் உள்ள கூப்ட்டாரு. உங்க உசுரு தீபாவளியத் தாண்டாதுன்னுட்டாரு.

— அண்ணா? அண்ணி இன்னா சொல்றாங்க? அண்ணா!

— அவர விடு. பாரத்த இப்படிக் குடு. இதுல அண்ணன் தம்பிங்கன்னு மட்டும் எழுதாத லீலா. எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல, நானேதான் வந்து எடுத்துக்கணும்.