சிரித்த இடமெல்லாம்

— மாமா, உள்ள எட்டிப் பாத்தீங்களா? மூணாவது வரிசையில ஒருத்தர் குறட்டையே விடுறாரு.

— பாத்தேன் மாப்ள. பாதிப் பேரு போன நோண்டுறான். போன மாசம் இதே ஹால்ல, இதே படத்துக்கு வயித்தப் பிடிச்சுக்கிட்டு உருண்டானுங்களேடா!

— இதே படம் இல்ல மாமா. அது வேற.

— நான் எடுத்தது சோகப் படம்டா. அதப் பாத்து சிரிச்சா எனக்கு எப்படி இருக்கும்?

— மழையில வில்லன் மீசை கழண்டு வாய்க்குள்ள போயிடுச்சு. அதத் துப்பிட்டு வசனம் பேசுறான். சிரிக்காம என்ன செய்வாங்க?

— நம்ம சைட்டுல கம்பி கட்டுறவன்தானே வில்லன்? இருக்குறவன வச்சுத்தான எடுக்க முடியும்? ரெண்டு வருஷம், ஒரு ஞாயித்துக்கிழமை விடாம...

— செத்துப்போன ஹீரோ கொசு அடிச்சாரே மாமா.

— போதும்டா.

— மறுபடி எப்ப போடுவீங்கன்னு கேட்டுட்டுப் போனாங்க. நீங்கதான் மறுநாளே வந்து, சிரிச்ச இடத்தயெல்லாம் வெட்டச் சொன்னீங்க. சுவத்து மேட்டத் தட்டுற மாதிரி மட்டப்பலக வச்சு இழுத்துடுன்னீங்க.

— கொத்தனார் புத்திடா. வழவழன்னு இருந்தா போதும்னு நெனச்சேன்.

— கேவலமா இருந்தாலும் ஒரு படமா இருந்துச்சு. இப்ப திட்டுறதுக்குக்கூட அதுல ஒண்ணுமில்ல.

— சரி, அடுத்த ஆட்டத்துக்குப் பழையதப் போட்டுடு.

— எங்க இருக்கு? பக்கத்துல நின்னு நீங்கதானே மொத்தத்தயும் அழிக்க வச்சீங்க?

— ஒரு துண்டுகூடவா இல்ல?

— இல்ல. மாமா... அன்னைக்கு எதுக்கு அதிகமா சிரிச்சாங்க, ஞாபகம் இருக்கா?

— புருஷன் பொணத்து மேல விழுந்து அழுவுற சீனுக்கு. பொணமே குலுங்கிச் சிரிச்சுதே.

— அழுதது யாரு?

— அய்யய்யோ.

— நாலு சீன்தான் அக்காவுக்கு. நாலுக்கும் சிரிச்சாங்க, நாலும் போச்சு. எல்லாத்தயுமா மாமான்னு ரெண்டு தடவ கேட்டேன். யாரா இருந்தா என்ன, வெட்டுடான்னீங்க.

— கோவத்துல சொன்னேன்டா! உங்கக்காகிட்ட சொல்லிட்டியா?

— உங்க பொண்டாட்டி. நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நான் இருந்தேன்.

— அவ அன்னைக்கு காய்ச்சல்ல கெடந்தா, வரவே இல்ல. போன் போடுடா. ஹால்ல கரண்டு இல்ல, வராதன்னு சொல்லு.

— வேன் வந்து நின்னாச்சு மாமா. அம்மா, சித்தி, அக்காவோட தையல் கம்பெனி ஆளுங்க, மொத்தமும் இறங்குது.

— என்னங்க, இங்கயா நிக்கிறீங்க? நான் படத்துல எத்தனாவது நிமிஷத்துல வருவேன்? எங்கம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் ஆகி நாலு நாள்தான் ஆவுது, ரொம்ப நேரம் பாக்கக் கூடாதாம். நான் வர்றப்ப மட்டும் கறுப்புக் கண்ணாடியக் கழட்டுறேங்குது.