கைபடாத குறி

அக்கா: உண்மையைச் சொல்லு. நீ அதைத் தொடல?

தம்பி: எதை?

அக்கா: நடிக்காதடா. உன் மேசையில இருக்கிற குமிழை.

தம்பி: அங்க அறையே கை தட்டுது. நாப்பது மீட்டர் தட்டு, வானத்து ரேடியோ அலையைப் பிடிக்கிற உன் தொலைநோக்கி, திரும்பிப் போய் நின்ன உடனே சிக்னல் நட்டநடுவுல. நீ என்னடான்னா விசாரணை நடத்துற!

அக்கா: இத்தனை வருஷத்துல அது தானா நடுவுல நின்னதே இல்லையே. ஒவ்வொரு தடவையும் குறி தப்பும், நீ குமிழை இத்தனூண்டு திருப்பிச் சரிபண்ணுவே. பழகின கை...

தம்பி: அதெல்லாம் பழைய கதை. இப்பத்தான் நீ காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டியே.

அக்கா: என்ன காரணம், சொல்லு பாப்போம்.

தம்பி: பரீட்சை வேறயா? தட்டைத் தாங்கற கால்கள்ல வெயில் படற பக்கத்துக் கால் சூடாகி நீளுது. தட்டு மயிரிழை சாயுது. அந்தச் சாய்வைக் கணக்குப் போட்டு, கம்ப்யூட்டரையே முன்கூட்டித் திருத்தச் சொல்லிட்டே. ரெண்டு வருஷம் அந்த இரும்புக் காலையே பாத்துக்கிட்டு நின்னே. மாமா முகத்தைக்கூட அவ்ளோ நேரம் பாத்திருக்க மாட்டே.

அக்கா: பேச்சை மாத்தாதே. இன்னிக்கு இயக்குநர் முன்னாடி தப்பியிருந்தா...

தம்பி: வேலையை உன்கிட்டேருந்து பிடுங்கி வெளியாளுங்ககிட்ட குடுத்திருப்பாங்க. தெரியும்க்கா.

அக்கா: தெரியும்ல? அதான் கேக்கறேன். தட்டு நிக்கும்போது உன் கை மேசைப் பக்கம் போச்சு.

தம்பி: தண்ணி பாட்டில் எடுத்தேன்.

அக்கா: பாட்டில் என் பக்கம்ல இருந்துச்சு?

தம்பி: அடேயப்பா... அந்த நேரத்துல நீ திரையைப் பாக்காம என்னையா பாத்துக்கிட்டிருந்தே?

அக்கா: திரையில என்ன வரும்னு எனக்குத் தெரியும். நீ என்ன பண்ணுவேன்னுதான் தெரியல. அதனாலதான் காலையில நீ வர்றதுக்கு முன்னாடியே குமிழோட வயரைக் கழட்டி வெச்சிட்டேன்.

தம்பி: என்னது?

அக்கா: நீ திருப்பியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. என் கணக்கை நீ நம்பினியா... அது மட்டும் தெரியணும் எனக்கு. சொல்லுடா.

தம்பி: நம்பலக்கா. பயந்துட்டேன். தட்டு நின்னதும் எப்பவும்போலத் திருப்பிட்டேன்... திரையில சிக்னல் கோடு அசையல. இன்னும் கொஞ்சம் திருப்பினேன்... அப்பவும் அசையல. வயர் இல்லேன்னு எனக்கு எப்படித் தெரியும்? என் கைக்கே மசியாம எங்க அக்கா கணக்கு நிக்குதேன்னுதான்... அந்த அறையில முதல்ல கை தட்டினதே நான்தான்.