தார் ரோடு சுடுகிறது

— 2024 மே பத்தொம்பது, அரும்பாவூர் பக்கம் தீமிதி. இடது உள்ளங்கால் வெந்து கொப்புளம். மூணு நாள் கழிச்சுத்தான் வீட்டுல பாத்திருக்காங்க. சரிதானுங்களா, கொளஞ்சியப்பன்?

— அதெல்லாம் இருக்கட்டும் டாக்டரம்மா. மொதல்ல இந்த ஊசியப் புடுங்குங்க.

— இப்பத்தான் அக்குபஞ்சர் ஊசியில கரெண்டு கிளிப்பு மாட்டினேன். கரெண்டு அதிகமா இருக்கா? கொறைக்கட்டா?

— கரெண்டு கெடக்கட்டும். எனக்கு இந்த வைத்தியமே வேணாம்.

— அவரு பேச்சக் கேக்காதீங்க டாக்டரம்மா. பெரம்பலூர் பஸ்ஸுல ஏறுனதுலேர்ந்து இந்த மனுசன் இப்பிடித்தான் முறுக்கிக்கிட்டு வர்றாரு.

— நீ சும்மா கெட சிந்தாமணி.

— நான் ஏன் சும்மா கெடக்கணும்? ஐப்பசி வரைக்கும் அந்தச் சீழைக் கழுவுனது நானா, ஒங்களக் கும்புட்டாங்களே, அந்த ஊர்க்காரங்களா?

— அம்மா, கொஞ்சம் இருங்க. ஐயா, என்ன பண்ணுது ஒங்களுக்கு? ஏன் வேணாங்குறீங்க?

— சுடுதும்மா. போன வருசம் நெருப்புக்கு நடுவுல நின்னு திரும்பிப் பாத்தவன் நானு. அத்தன சனமும் கையெடுத்துக் கும்புட்டுச்சு. இன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல எறங்கி நிக்கிறேன், செருப்பையும் மீறி தார் ரோடு சுடுது.

— சுட்டா நல்லதுங்க. சர்க்கரையில மரத்துக் கெடந்த நரம்பு கொஞ்சம் முழிக்குது. இத்தன வாரமா போடுற இந்த ஊசி எல்லாருக்கும் இப்பிடிக் கேக்காது, ஒங்களுக்குக் கேட்டிருக்கு. அதுக்காக சர்க்கரை மாத்திரையை விட்டுறாதீங்க, அது வேற இது வேற.

— எனக்கு முழிக்க வேணாம். வர்ற ஞாயித்துக்கிழமை தீமிதி. பழையபடி மரத்துப்போவ ஒரு ஊசி இருந்தா அதப் போடுங்க.

— கேட்டீங்களா டாக்டரம்மா? வைத்தியம் பாக்க வந்த எடத்துல நோவத் திருப்பிக் கேக்குறாரு.

— நோவா? அம்மன் தாங்குனாடி. அது எப்பிடி நோவாவும்?

— அம்மனைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலைங்க. காலைப் பத்திச் சொல்றேன். போன வருசம் ஒங்களுக்குச் சூடு தெரியல. தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பீங்க, இவ்வளவு வெந்திருக்காது. இந்தத் தடவை எறங்குனீங்கன்னா வெரலோட போவாது, முட்டி வரைக்கும் எடுக்க வேண்டி வரும்.

— எடுத்தா எடுக்கட்டும். நான் வேண்டிக்கிட்டது எம் பொண்ணு நந்தினிக்கு. புள்ள தங்கணும்னு மூணு வருசம் எறங்குறேன்னேன். ரெண்டு முடிஞ்சிது. அவ வயித்துல இப்ப ஆறு மாசம். மூணாவது வருசம் நான் வூட்டுல குந்திக்கிட்டு, அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீங்க வந்து பதில் சொல்வீங்களா?

— கத்தாதீங்க. அந்த வேண்டுதல் நின்னு போவாது.

— எப்பிடி நிக்காது? ஒனக்கு என்ன தெரியும்? ஆமா, முந்தானைய ஏன் கையில சுத்திக்கிட்டே இருக்க? எடு பாப்பம்.

— எடுக்க மாட்டேன்.

— எடுங்குறேன்ல... அடிப்பாவி. மஞ்சக் கயிறு. காப்பு கட்டிக்கிட்டியா?

— ஆமா. காலையில கோயிலுக்குப் பால் ஊத்தப் போனப்ப பூசாரி முருகையன்தான் கட்டுனாரு. குடும்பத்துல யாரு எறங்குனாலும் செல்லும்னாரு.

— அதான் செருப்பு போடாம வந்தியா? செருப்பு எங்கடின்னு கேட்டதுக்கு வாரு அறுந்துருச்சுன்ன.

— காப்பு கட்டிக்கிட்டு எவ செருப்பு போடுவா? உண்மையச் சொன்னா இப்பிடி ஆடுவீங்கன்னுதான் சொல்லல.

— எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? ஊரு என்ன பேசும்? பயந்துக்கிட்டு பொம்பளைய எறக்கி வுட்டான்னு சிரிக்க மாட்டாங்க?

— சிரிக்கட்டும். ஒங்களுக்கு ஊரு சிரிக்கிற கவலை. காலை எடுத்துட்டா கொல்லையில வெங்காயத்த அந்த ஊரா வந்து புடுங்கும்?

— ஒங்காலு வெந்துரும்டி.

— வேவாது. நான் நல்ல காலோட எறங்குறவ. சுட்டா ஓடி அந்தாண்ட ஏறிருவேன். ஒங்கள மாதிரி நடுவுல நின்னு வேடிக்கை காட்ட மாட்டேன்.

— நான் வேடிக்கை காட்டுனனா? டாக்டரம்மா, கேட்டீங்களா இவ பேச்ச? வேடிக்கையாம்.

— ரெண்டு பேரும் சத்தத்தக் கொறைங்க, வெளிய ஆளுங்க இருக்காங்க. ஐயா, நீங்க எழுந்திரிக்காதீங்க, ஊசி இருக்கு... தரையில இது என்ன, ரத்தமா?

— எனக்கு இல்ல. எங்காலு ரெண்டும் கட்டில் மேல கெடக்கு.

— கதவுலேர்ந்து ஸ்டூல் வரைக்கும் சொட்டு சொட்டா வந்திருக்கே. சிந்தாமணியம்மா, காலைத் தூக்குங்க.

— எங்காலுக்கு என்னங்க? நல்லாத்தான இருக்கு.

— அந்தக் கால் இல்ல, இந்தக் கால். கண்ணாடித் துண்டு. ஆழமா ஏறியிருக்கு. எங்க மிதிச்சீங்க?

— தெரியலீங்களே. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்துதான் வந்தேன், ஒண்ணும் குத்தலியே.

— சிந்தாமணி...

— ஐயா, நீங்க பேசாம படுங்க. அம்மா, காலை அசைக்காம வைங்க, எடுத்துடுறேன். வலிக்கும்.

— எடுங்க. எடுக்கறப்ப மட்டும் சொல்லிட்டு எடுங்க, பல்லக் கடிச்சுக்குறேன்.

— எடுத்தாச்சும்மா.