வாளிக் கிராணி

உங்கள் தலைக்கு மேலே ஓடும் விசிறியை யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. கொக்கி தளர்ந்திருக்கிறது. ஆள் உட்காரும் இடத்தில் அப்படி விடக்கூடாது.

என் பெயர் கிளாரன்ஸ். கம்போங் குவாந்தானுக்கு அப்பால் உள்ள ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. காட்டுக்குள் பதுங்கிய கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலம் வந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, வேலி நெடுக மின்விளக்கு மாட்டியபோது, துரை என்னைக் கூப்பிட்டு, தீயும் மின்சாரமும் இனி உன் பொறுப்பு என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்படியானால் வீட்டு அடுப்பையும் இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள் என் மனைவி ஃப்ளோரா.

வாளிகளுக்குச் சிவப்புச் சாயம் பூசி, மணல் நிரப்பி, புகைக்கூடத்து வாசலில் வரிசையாகத் தொங்கவிட்டேன். ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் இடம், ஒட்டினாற்போல் விறகறை. ஒரு பொறி போதும். அங்கே அடுப்புக்கு விறகு தள்ளும் இருசப்பனுக்கு இது ஏறவே இல்லை. பாசிர் பெனம்பாங் கருவாட்டை அடுப்பு வாயில் சுட்டுத் தின்பான். விறகறை விளக்கின் ஒயரில் ஈரச் சட்டையைக் காயப்போடுவான். அவன் மனைவி தாயம்மா என் வாளி ஒன்றில் கோழிக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். மணல் எங்கே என்று கேட்டேன். பானை துலக்க நன்றாக இருந்தது என்றாள்.

வாளிக் கிராணி என்று எனக்குப் பெயர் வைத்தவனும் இருசப்பன்தான். ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆள் எண்ணிக்கொண்டிருக்கும்போது, எல்லார் முன்னாலும் சொன்னான்:

"நெருப்பு வந்தாத்தானே ஐயா உங்க வாளிக்கு வேல. வரட்டும் லா, பாப்போம்."

துரைகூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது நியாயம்தான். நெருப்பைக் காணாத ஆளுக்கு நெருப்பை எப்படிப் புரியவைப்பது?

மதியம் சாப்பிட்டதும் அவன் விறகறையில் ஒரு தூக்கம் போடுவான். கூடாது என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்று அவன் கண்ணயர்ந்ததும், மூலையில் கிடந்த சுள்ளிகளில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டு, கதவை வெளியே தாழிட்டேன். தீப்பிடித்த அறைக்குள் காற்றை விடக்கூடாது, அது விதி. மணல் வாளிகளோடு வாசலில் தயாராக நின்றேன். அவன் கொஞ்சம் பயந்ததும் திறந்து, அணைத்து, இப்போது புரிகிறதா என்று கேட்பதாக இருந்தேன்.

அவன் விழித்துக் கதவைத் தட்டினான். முதலில் தாயம்மாவைக் கூப்பிட்டான். பிறகு, வெளியே யார் என்று கேட்டான். நான்தான் என்றேன்.

"கிராணி ஐயா, தெறந்து விடுங்கய்யா. இனிமே உங்க வாளியத் தொட மாட்டேன்யா."

அந்தத் தோட்டத்தில் என்னிடம் யாரும் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. இன்னொரு முறை சொல்வான் என்று நின்றேன். சொன்னான். மறுபடியும் சொன்னான். அப்புறம் இருமல் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. அதன்பின் தாழை நீக்கிவிட்டு, நெருப்பு என்று கூவினேன். ஆட்கள் ஓடிவந்தபோது மணலை வீசிக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். துரை என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

காட்டுக்காரர்கள் வைத்த தீ என்று பேச்சு வந்தது. அவர்களுக்கு உடந்தையாக இருந்தான் என்று இருசப்பனின் தம்பி சன்னாசியை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். புருஷனும் போய், கொழுந்தனும் போய், தாயம்மா ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்தாள். துரையிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி என் காலைத் தொட்டாள். அது போலீஸ் விவகாரம். என் பொறுப்பில் வராது.

நேற்று கோலாலம்பூரிலிருந்து ஒரு மின்சார இஞ்சினியர் வந்து விறகறையைப் பார்த்தார். யாரும் வைத்த தீ இல்லை, விளக்கு ஒயர் தேய்ந்து பிடித்த தீ, பொறுப்பாளரின் கவனக்குறைவு என்று துரையிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சன்னாசியை விட்டுவிடுவார்களாம். நல்லது. ஆனால் அந்த ஒயரைப் புதிதாக மாட்டியவன் நான். அது தேய வழியே இல்லை.

அதனால்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நானே வந்தேன். இருசப்பனை உள்ளே வைத்துத் தாழிட்டுக் கொளுத்தியது நான். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கவனக்குறைவு என்ற சொல் மட்டும் வேண்டாம்.