கிள்ளையில் சொல்லாத ஜோக்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் என் முன்சீட்டில் ஒரு மிமிக்ரி கலைஞர். முந்தின நாள் மஞ்சக்குப்பம் மைதானத்தில், மீன் விற்கும் பெண்களைக் கேலி செய்து கைதட்டல் வாங்கியதை நண்பரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

“நாத்தம் புடிச்சவளுங்கன்னு மேடையில சொல்றது காமெடியா மச்சான்?”

“கருத்துச் சுதந்திரம்டா. புடிக்காதவன் காதைப் பொத்திக்கட்டும்.”

“இன்னிக்கு கிள்ளை புரோகிராம்லயும் அதேதானா?”

“அங்க வேணாம், அது மீன்காரங்க ஊரு. சேத்தியாத்தோப்பு விவசாயிங்கள வச்சு ஓட்டிடுவேன்.”

“ஓகோ, உன் சுதந்திரம் ஊரு பார்த்துத்தான் வாயத் தொறக்குமா?”

அவர்களுக்குப் பக்கத்து சீட்டில் காலி மீன்கூடையோடு இருந்த பெண் கலைஞர் பக்கம் திரும்பினார். “நான் கிள்ளைதான் தம்பி. அந்த ஜோக்க இங்கயே சொல்லு.”

கலைஞர் கழுத்தைத் தடவினார். “தொண்ட கட்டிக்கிச்சுக்கா.”

“பரவால்ல, மெதுவாவே சொல்லு. நான் காதப் பொத்திக்க மாட்டேன்.”