பாலகணேஷுக்கு நான் சொன்ன படம்

என்ன படம் பார்க்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சட்டென்று பதில் சொல்லிவிட மாட்டேன், மேடம். ஆளைப் பார்த்துத்தான் படம் சொல்ல வேண்டும். தொழிலில் வந்த பழக்கம் அது. தி.நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில் எங்களுக்கு மேட்சிங் கடை. அப்பா திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து போட்டது. புடவையைக் கொண்டுவருவார்கள், நான் ஜாக்கெட் துணி எடுத்துக் கொடுப்பேன். கடை விளக்கில் நிறம் ஏமாற்றும் என்பதால் வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் புடவையோடு சேர்த்துப் பிடித்துக் காட்டுவேன். படமும் அப்படித்தான். மாமியாரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவளுக்கு ஒரு துருக்கிப் படம், மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் அப்பாவுக்கு ஒரு ஜப்பான் படம். தனபாலன் சொன்ன படம் தனக்குப் பொருந்தவில்லை என்று இதுவரை யாரும் வந்து நின்றதில்லை.

பாலகணேஷ் எனக்கு டிசம்பர் திரைப்பட விழாவில்தான் பழக்கம். மயிலாப்பூர்க்காரன், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. அன்று ஓடிய படத்தில் இருட்டில் வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது. பக்கத்து சீட்டில் இருந்தவன் விறைத்துக் கீழே சரிந்துவிட்டான். யாரோ சாவிக்கொத்தை அவன் கையில் திணிக்க வந்தார்கள். நான் அவர்களை விலக்கிவிட்டு அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். என் சித்தப்பாவுக்கும் வலிப்பு உண்டு, அதனால் எனக்குத் தெரியும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும், தானாக அடங்கிவிடும். ஆள் இல்லாமல் குப்புற விழுந்தால்தான் ஆபத்து.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டானது. எந்த வெளிநாட்டுப் படமாக இருந்தாலும் முதலில் நான் பார்ப்பேன். எங்கே வெளிச்சம் அடிக்கிறது, எந்த வசனம் வந்ததும் அவன் கண்ணை மூட வேண்டும், எந்தச் சத்தம் நின்றதும் திறக்கலாம் என்று போனில் சொல்வேன். வேறு யார் படம் சொன்னாலும் அவன் என்னைக் கேட்டுவிட்டுத்தான் தொடுவான்.

"நீ பாத்துட்டல்ல தனா? அப்ப எனக்கு என்ன பயம்" என்பான்.

இந்த ஆடி வரைக்கும் என்னால் அவனுக்கு ஒரு தடவைகூட வலிப்பு வந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடையாறு காந்தி நகரில் ஹம்சினி என்று ஒருவர் இருக்கிறார். மாடி ஹாலில் திரை கட்டி ஞாயிற்றுக்கிழமைகளில் படம் போடுவார். அங்கே அவனை அழைத்துக்கொண்டு போனதே நான்தான். அதுவரை என்ன படம் போடலாம் என்று ஹம்சினி என்னைத்தான் கேட்பார். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. தனியாக ஒருவரிடம் சொல்லத்தான் வரும். அவனுக்கோ மைக்கே தேவையில்லை. படம் முடிந்ததும் எழுந்து நின்று பேச ஆரம்பித்தான் என்றால் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். கொஞ்ச நாளில் எல்லாரும் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். நான் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதுகூடப் பரவாயில்லை. யாருக்குமே சொல்லாமல் நான் எனக்கென்று வைத்திருந்த ஒரு படம் உண்டு. ஃபின்லாந்துப் படம். ஒரு கிழவர் தினமும் காலையில் தன் வீட்டு வாசலில் பனியை வாருவார், அப்படியே பக்கத்து வீட்டு வாசலையும் வாரிவிடுவார். பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் எப்போதோ செத்துவிட்டார்கள் என்பது நமக்குக் கடைசியில்தான் தெரியும். ஒரு மழை நாளில், கடையில் வியாபாரம் இல்லாத மத்தியானம், அதை அவனிடம் சொல்லிவிட்டேன். "செத்தவங்களுக்கும் வழி வேணும்ல" என்று ஒரு வார்த்தையும் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவன் அதே படத்தைப் போட வைத்தான். முடிந்ததும் எழுந்து நின்று, "செத்தவங்களுக்கும் வழி வேணும்ல" என்றான்.

ஹம்சினி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "பாலா, நீ சொல்லலேன்னா நாங்க இந்தப் படத்த ஜென்மத்துல பாத்திருக்க மாட்டோம்" என்றார். அவன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திருட வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டான். அந்த வார்த்தை யாருடையது என்பதையே மறந்திருந்தான். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

பொறாமையா என்று கேட்டீர்கள். ஆமாம், பொறாமைதான். ஒரு சிவப்புக்கு இன்னொரு சிவப்பை எடுத்துக் கொடுத்து வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கினேன். ஆனாலும் அவனுக்குப் படம் பார்த்துச் சொல்வதை நிறுத்தவில்லை. என் வேலையில் நான் குறை வைத்ததில்லை.

ஆடி கழிந்ததும் அவன் மனைவி ஷண்முகப்ரியா கடைக்கு வந்தாள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். மாம்பழ நிறப் பட்டுக்குப் பச்சை ஜாக்கெட் வேண்டும் என்றாள்.

"சனிக்கிழம அசோக் நகர்ல தங்கச்சிக்கு வளைகாப்புண்ணா. காலைல போனா சாயங்காலம்தான் வருவேன். பொம்பளைங்க ஃபங்ஷன்ல எனக்கென்ன வேலைன்னு அவர் வீட்டுலயே இருந்துக்கறாராம். ஏதாவது படம் பாத்துக்கிட்டு கெடப்பாரு."

அந்தப் புடவைக்கு அவ்வளவு கச்சிதமான பச்சை வேறு எந்தக் கடையிலும் கிடைத்திருக்காது. வெயிலில் பிடித்துக் காட்டியபோது அவள் முகம் மலர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனுக்குப் போன் செய்தேன். ஒரு செர்பியப் படம் சொன்னேன். காணாமல் போன மகனைத் தேடி ஒரு அம்மா ஊர் ஊராக அலைகிறாள். கடைசியில் ஒரு நடனக் கூடத்துக்குள் நுழைகிறாள். கும்மிருட்டு. விளக்கு வெட்டி வெட்டி அடிக்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு முகம், எதுவும் மகன் முகம் இல்லை. அந்தக் காட்சி அப்படி ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். நான் பார்த்ததிலேயே மிகச் சிறந்த படம். இதில் பொய் இல்லை. அவனுக்கு மட்டமான படம் சொல்ல எனக்கு மனசு வராது.

நல்ல படத்தை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படித்தான் பார்க்கச் சொன்னேன். ஜன்னல் திரையை எல்லாம் இழுத்துவிடு என்றேன். டிவிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்து பார் என்றேன். போனை அணைத்துவிடு, நடுவில் நிறுத்தாதே என்றேன். அவன் வழக்கம்போல, "கண்ணு மூட வேண்டிய எடம் ஏதாவது இருக்கா தனா?" என்று கேட்டான்.

"ஒண்ணும் இல்லடா. இன்னும் சொல்லப்போனா கடைசில கண்ணையே எடுக்காத. எடுத்தா அந்தப் பையன் மொகத்த விட்டுருவ" என்றேன்.

"நீ சொன்னா சரிதான்" என்றான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஷண்முகப்ரியா கையில் வளையலும் கட்டுசாதமுமாக வந்து கதவைத் திறந்திருக்கிறாள். வலிப்பில் குப்புற விழுந்து மூச்சு முட்டியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ரொம்ப நாளாக இருந்த வியாதி என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெசன்ட் நகர் மின்மயானத்துக்கு நானும் தோள் கொடுத்தேன். அழுதேன். நடிக்கவில்லை, மேடம். அவனைப் போல நான் சொன்ன படங்களை யாரும் பார்த்ததில்லை.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சனிக்கிழமை காலையில் அவன் படத்தின் பெயரை ஹம்சினியின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "இன்னைக்கு இதத்தான் பாக்கப் போறேன், நீங்களும் பாருங்க" என்று எழுதியிருக்கிறான். அப்போதும் யார் சொன்னது என்று எழுதவில்லை. காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஹம்சினி அதையே அஞ்சலிப் படமாகப் போட்டார். நடனக் கூடம் வந்தது. வெளிச்சம் அடிக்க ஆரம்பித்ததும் ஷண்முகப்ரியா எழுந்து நின்றுவிட்டாள். ஹால் விளக்கைப் போட்டார்கள்.

"அண்ணா, இதுல இப்படி வெளிச்சம் வருதே. நீங்க பாத்து சொல்லலயா?" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்ல முடியும்? "இந்தப் படம் எனக்குத் தெரியாதும்மா. அவனே தேடி எடுத்திருக்கான் போல. என்கிட்ட கேக்காமப் பாத்துட்டான்" என்றேன்.

நம்பிவிட்டாள். அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் ஃபராஸ் என்று ஒருவன், ராயப்பேட்டையில் பிரியாணிக் கடை வைத்திருப்பவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "இன்னா படம் மச்சி இது! உசுர குடுத்து தேடி எட்தாந்துக்கிறான் பாரு. எவனுக்கு வரும் இந்த டேஸ்ட்டு?"

இப்போது அந்த ஹாலுக்கு பாலகணேஷ் அரங்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் அவன் நினைவு நாளில் அந்த செர்பியப் படத்தைப் போடப் போகிறார்களாம். என் கடைக்கு வருகிறவர்களே, பாலகணேஷ் கண்டுபிடித்த படம் பார்த்தீர்களா என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் தலையாட்டிக்கொண்டு துணி கிழித்துக் கொடுக்கிறேன்.

மனசாட்சி உறுத்தியதால் வந்தேன் என்று ஏட்டிடம் சொன்னேன். உண்மைதான், ராத்திரி தூக்கமே இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறீர்கள். ஒரு படத்தைப் பார் என்று சொன்னதற்குத் தண்டனை கொடுக்க முடியுமா என்று யோசிக்கிறீர்கள். அது உங்கள் பாடு. வெளிச்சம் வரும் என்று தெரியும், அவன் தனியாக இருப்பான் என்று தெரியும், செத்துப்போவான் என்றும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு குறை இருக்கிறது, மேடம். 'இறந்தவர் பார்த்த திரைப்படம்' என்று மொட்டையாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கண்டுபிடித்தது தனபாலன் என்று சேர்த்து எழுதுங்கள், ஹம்சினியிடம் ஒரு காப்பி கொடுங்கள்.