தொண்டர் திரேசா

ஸக்கியா: திரும்பவும் சொல்றேன் ஐயா, உங்கட கேஸ நான் எடுக்க ஏலாது. இங்க நீங்க கதைக்கிறது உங்களுக்கே எதிரா வரும். வேற லோயரப் பாருங்க.

குலசேகரம்: கேஸ் இல்லைப் பிள்ளை, ஒரு சின்னக் கடிதம். 'திரேசா எங்கட சங்கத்தில தொண்டராத்தான் இருந்தவ' எண்டு...

ஸக்கியா: எழுதி?

குலசேகரம்: ஆறு வருசத்துக்கு முந்தின திகதியைப் போட்டு...

ஸக்கியா: நல்லாயிருக்கு! கள்ளக் கடிதத்துக்கு லோயர்ட சீலும் வேணுமா?

குலசேகரம்: கள்ளமில்லை! நான் தலைவர், சொல்லுறன். எங்கட விதவைகளுக்கு நடத்திற தர்மச் சங்கம் அது.

ஸக்கியா: அங்க தர்மம் எப்பிடி நடக்குது?

குலசேகரம்: கருவாடு வெட்டி... பக்கெற் பண்ணுறம்.

ஸக்கியா: எங்க போகுது?

குலசேகரம்: கொழும்புக்கு. இப்ப டுபாய்க்கும்...

ஸக்கியா: டுபாய்க்காரனோட ஒப்பந்தம் சங்கத்துட பேர்லயா?

குலசேகரம்: அது... கொம்பனி எண்டுதான் போட்டது.

ஸக்கியா: ஆ! டுபாய்க்குக் கொம்பனி. வரிக்காரன் வந்தா தர்மம். திரேசா கேட்டா தொண்டு. இருக்கிறது ஒரு கொட்டில், எத்தன போர்டு ஐயா மாட்டுவீங்க?

குலசேகரம்: நக்கலடிக்காதேங்கோ.

ஸக்கியா: தொண்டருக்கு என்னத்துக்கு விரல் வைக்கிற மெசின்?

குலசேகரம்: ஒரு ஒழுங்குக்கு...

ஸக்கியா: பிந்தி வந்தா?

குலசேகரம்: அரைநாள் வெட்டுவம்.

ஸக்கியா: எதுல வெட்டுவீங்க? தொண்டுலயா?

குலசேகரம்: கடிதத்தைப் பற்றிக் கதைப்பம் பிள்ளை.

ஸக்கியா: திரேசாட கை எப்பிடி வெட்டுப்பட்டது?

குலசேகரம்: அது ஆர் உங்களுக்குச் சொன்னது?

ஸக்கியா: கற்பிட்டி முழுக்க அந்தக் கதைதானே.

குலசேகரம்: அவவின்ர கவலையீனம். வெட்டுற மெசினுக்கு மூடியில்லை எண்டு தெரிஞ்சுகொண்டும்...

ஸக்கியா: மூடியக் கழட்டச் சொன்னது யார்?

குலசேகரம்: மூடி போட்டா வேலை இழுபடும் பிள்ளை. ஓடர் அவசரம்...

ஸக்கியா: ரெண்டு விரல் போய், காயம் ஆறக்குள்ளயே ஆள வேலையால நிப்பாட்டியாச்சு. இப்ப தொண்டர் எண்டு மாலையும் போடுறீங்க.

குலசேகரம்: தொழில் நியாய சபைக்குப் போறன் எண்டு நிண்டா நான் என்ன செய்யிறது? சங்கத்துக்கு ஒரு மானம் இருக்கெல்லே!

ஸக்கியா: மூடியக் கழட்டக்குள்ள அந்த மானம் சாப்பிடப் போயிருந்ததா?

குலசேகரம்: உங்களுக்கு விளங்காது...

ஸக்கியா: மத்த ஆக்களுக்கு நியமனக் கடிதம் குடுத்தீங்களா?

குலசேகரம்: எல்லாருக்கும் குடுத்தது.

ஸக்கியா: திரேசாக்கு மட்டும்?

குலசேகரம்: குடுக்கேல்ல.

ஸக்கியா: ஏன்?

குலசேகரம்: அதை விடுங்கோ.

ஸக்கியா: சபையில விடமாட்டாங்க ஐயா. ஏன்?

குலசேகரம்: தலைவரின்ர சொந்தக்காரருக்கு வேலை குடுக்கக்கூடாது எண்டு சங்கத்தின்ர யாப்பு விதியில இருக்கு. எழுதினதே நான்தான்.

ஸக்கியா: சொந்தக்காரர்?

குலசேகரம்: என்ர தங்கச்சி... கூடப்பிறந்தவள். பள்ளிவாசல்துறையில கலியாணம் முடிச்சு கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினவள். புருசனும் கடல்ல செத்துப்போனாப்பிறகு என்னட்டத்தான் வந்தவள். கொட்டிலில என்னை 'ஐயா' எண்டு கூப்பிடு எண்டன். ஆறு வருசமும் அப்பிடித்தான் கூப்பிட்டவள். சங்கத்தில ஒரு குருவிக்கும் தெரியாது பிள்ளை. நீங்களும் வெளியில சொல்லிப்போடாதேங்கோ.

ஸக்கியா: எனக்குப் போன கிழமையே தெரியும். திரேசாட லோயர் நான்தான், நாளைக்கு மனு போடுறோம். அவ எங்கிட்ட ஒண்டுதான் தனியாக் கேட்டா... 'அண்ணா இங்க வந்தா கடுமையாப் பேசிராதீங்க மிஸ், அவருக்குப் பிரஷர்.'